ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை

தான் பேசும்போது நான் விஷயத்தைக் கேட்பதே இல்லை, வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று என் கணவர் எல்லோரிடமும் குறை சொல்வார். குறை உண்மைதான். அவர் ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று நான் எண்ணிக்கொண்டிருப்பேன். நல்ல நாளில் பதினொன்று. மழை நாளில் ஏழு. தீபாவளிக்கு மறுநாள் நான்கு, அதுவும் நடுவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. இழுப்பு அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எண்ணும் வியாதி எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பேப்பர் குடோனில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். கப்பலில் வந்து இறங்கும் பேப்பர் உருளைகளை, பத்திரிகை அச்சகங்கள் கேட்கும் வரை வைத்திருக்கும் குடோன். ஒவ்வொரு உருளையும் என் தோள் உயரம் இருக்கும். கடற்காற்றின் ஈரம் பட்டால் பேப்பர் உப்பிவிடும் என்று கதவுகளை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். சாத்திய அந்த நீளக் கொட்டகைக்குள் ஒரு பழைய டிராக்டர் நாள் பூராவும் ட்ராலிகளை இழுத்துக்கொண்டு போய்வரும். நான் ஸ்டோர்ஸ் கிளார்க். டிராக்டர் டிரைவர் அவர்.

அந்த டிராக்டர் விட்ட புகையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை கரகரக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மை கொட்டியது போல இருக்கும். ராயபுரத்து டாக்டர் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்: "இன்னும் ஒரு வருஷம் இந்தப் புகையிலேயே இருந்தார்னா, அப்புறம் என்கிட்ட கூட்டிக்கிட்டு வந்து பிரயோஜனம் இல்லம்மா."

வேலையை விடச் சொன்னேன். அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சமைக்காமல் இருந்தேன். மனுஷன் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"பதினெட்டு வருசமா ஸ்டீரிங் புடிக்கிறேன். எறங்கிட்டேன்னா நான் யாரு?" என்றார். ஏழு வார்த்தை. அதற்குள் மூச்சு வாங்கியது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு முழம் பேப்பர் விரித்திருந்தது. அதன் ஓரத்தில் கரிக்கறை. அச்சகத்திலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"பேப்பர் வெள்ளையா இருந்தாதான்மா அது பேப்பர். புகை இல்லாத சின்ன டிராக்டரா ஒண்ணு பாருங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போய் நாலு இடத்துல விசாரிச்சுட்டு வாங்க."

பல வருஷமாக ஒரு மனுஷனின் நெஞ்சு கறுத்ததைப் பார்க்காத கண்ணுக்கு ஒரு முழம் பேப்பர் கறுத்தது பளிச்சென்று தெரிந்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. காட்டிக்கொள்ளவில்லை. எந்தக் காரணத்துக்காக வந்தால் என்ன, வருகிறதே. "சரிங்க சார்" என்றேன். நான் எதைத் தேர்ந்தெடுக்கிறேனோ அதன் மேல் உட்கார்ந்துதான் இந்த ஆள் மூச்சு விட வேண்டும்.

முதல் வேலையாக இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு உருளை வரிசைகளுக்கு நடுவே அளந்தேன். ஆறடி. திரும்பும் மூலையில் அதைவிடக் குறைவு. பேட்டரியில் ஓடும் வண்டியைப் பற்றியும் கேட்டுப் பார்த்தேன். உப்புக் காற்றில் ஒயரெல்லாம் பூத்துப் போகும், கரெண்டு எப்போது வரும் போகும் என்று யாருக்கும் தெரியாது என்று முதலாளி அதை அப்போதே முடித்துவிட்டார். ஆக, டீசல்தான்.

மாதவரத்தில் லாரிகளுக்கு நடுவே டிராக்டர் விற்கும் இடங்கள் இரண்டு மூன்று இருந்தன. வண்ணாரப்பேட்டை மெக்கானிக் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போனோம். எங்கள் குடோன் வண்டிகளைப் பார்ப்பவர், என் வயதுதான், எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். கெட்டிக்காரர். ஆனால் இரண்டாவது கேள்விக்கே எரிந்து விழுவார். நானோ இருபது கேள்வி கேட்கிறவள்.

முதலில் பார்த்தது உழவுக்குப் போகும் பெரிய வண்டி. என் கணவர் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைத் தடவினார், முகம் மலர்ந்துவிட்டது. நான் இஞ்ச் டேப்பை விரித்தேன். எங்கள் வரிசைக்குள் அது நுழையும், திரும்பாது. இரண்டாவது, உள்ளூரில் செய்த குட்டி வண்டி. கணக்காக நுழையும், ஆனால் புகைக்குழாய் டிரைவர் மூக்குக்கு நேரே நிமிர்ந்து நின்றது. யார் முகத்தை நினைத்துக்கொண்டு அதை அங்கே வைத்தார்களோ தெரியவில்லை. மூன்றாவது, வெளிநாட்டில் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த பழைய சின்ன டிராக்டர். அகலம் நாலரை அடி. புகைக்குழாய் அடியில், பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

நான் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கொண்டுபோயிருந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, குழாய் வாயில் பிடித்து ஐம்பது வரை எண்ணினேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, கருப்பா வந்தா டீசல் சரியா எரியலன்னு அர்த்தம். காத்து பத்தல, இல்லாங்காட்டி டீசல் பீச்சுற நாசில் ஒழுவுது. அத்த நானே சரி பண்ணிப்புடுவேன். கண்ணுக்குத் தெரியாத கேஸு ஒண்ணு கீது பாரு, அது கர்ச்சீப்ல படியாது. நெஞ்சுலதான் படியும்."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. குனிந்து வண்டிக்கு அடியில் காட்டினார். சைலன்ஸருக்கு முன்னால் ஒரு உருண்டை டப்பா. வெளிநாட்டில் மூடின கொட்டகைக்குள் ஓடின வண்டி என்பதால் அதைப் பொருத்தியிருந்தார்கள். உள்ளே தேன்கூடு மாதிரி பொடிப் பொடி ஓட்டைகள், அதில் ஏதோ மருந்துப் பூச்சு. இஞ்சினில் பாதி எரிந்த கேஸ் அந்த ஓட்டைகள் வழியாகப் போகும்போது மறுபடி எரிந்து அடங்கிவிடுமாம்.

"இதுக்கு ரெண்டு கண்டிசன்" என்றார் பாய். "ஒண்ணு, டப்பா நல்லா சூடாவணும். சும்மா ஆன்ல நிக்க வெச்சினு கதை பேசினா வேலை செய்யாது. ரெண்டு, டீசல் நல்ல டீசலா இருக்கணும். கந்தகம் ஜாஸ்தியா கீற டீசல ஊத்தினா, காப்பாத்துற டப்பாவே எமனாப் பூடும். கந்தகத்த இன்னும் காரமாக்கி வெளிய தள்ளும். இழுப்புக்காரன் தாங்க மாட்டான்."

இரண்டையும் என் ஸ்டோர்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல் கண்டிஷனை என் கணவரிடம் நூறு முறை சொன்னேன்: ட்ராலி ஏற்றும்போது இஞ்சினை அணைத்துவிட வேண்டும். இரண்டாவதைச் சொல்லவில்லை. டீசல் வாங்குவது நான். பங்கில் என் கண்ணெதிரே கேனில் பிடித்து, ஆட்டோவில் என் காலடியில் வைத்துக்கொண்டு வருபவள் நான். அவருக்கு எதற்கு அது என்று நினைத்தேன். இன்று வரை அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

வண்டி வந்தது. பூசணிக்காய் சுற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, என் கணவர் ஏறி உட்கார்ந்தார். பெரிய வண்டியைப் பறிகொடுத்த வருத்தம் அரை மணி நேரத்தில் போய்விட்டது. வரிசைக்குள் அவர் அதை வளைத்துத் திருப்பிய அழகைப் பார்க்க லோடு ஏற்றுகிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். பழைய டிராக்டரைப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடினோம். முதல் வாரம் கைக்குட்டை வெள்ளை. பத்து வார்த்தை, பதினொன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு. நான் கோயிலுக்குப் போய் நூற்றெட்டு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

இரண்டாவது வாரம் மழை. வாசலில் இருந்த சரிவில் இரண்டு ட்ராலியோடு ஏறும்போது சின்ன டிராக்டர் திணறி நின்றுவிட்டது. பின்னால் நாலு பேர் தள்ளினார்கள். "பொம்பள எடுத்த வண்டி, பொம்ம வண்டி" என்று யாரோ சொல்ல, கொட்டகையே சிரித்தது. நான்கூடச் சிரித்துவிட்டேன். ஒவ்வொரு ட்ராலியாக இழுத்தால் தீர்ந்தது, அதிலென்ன. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. மூச்சுக்காகப் பேச்சை மிச்சப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் கொட்டகைக்குள் ஒரு வாசனை வந்தது. எங்கேயோ முகர்ந்த வாசனை. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து அரை நாள் யோசித்தேன். பிறகு சட்டென்று பிடிபட்டது. தீபாவளிக் காலையில் தெருவில் இருக்குமே, வெடித்துப் போன பட்டாசின் நாற்றம், அது. புகை கண்ணுக்குத் தெரியவே இல்லை. கைக்குட்டையும் வெள்ளைதான். ஆனால் ஆட்கள் கண்ணைக் கசக்கினார்கள், இருமினார்கள். என் கணவர் ஏழுக்கு இறங்கினார், பிறகு ஐந்து.

பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய வண்டி வருஷக்கணக்கில் செய்ததை நான் பார்த்துப் பார்த்து எடுத்த வண்டி மூன்றே வாரத்தில் செய்கிறதே! லீவு போடச் சொன்னேன். "நான் லீவு போட்டா வண்டியத்தான் குத்தம் சொல்லுவானுங்க" என்றார், இரண்டு தவணையாக. அந்த வெள்ளிக்கிழமை காலையில் ட்ராலியை இழுத்து வரும்போதே ஸ்டீரிங் மேல் சாய்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. லாரி ஒன்றை மறித்து ராயபுரத்துக்குக் கொண்டு போனோம். டாக்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. முகமூடி வைத்து மருந்துப் புகையை உள்ளே விடத் தொடங்கினார்.

உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் நான் குடோனுக்கு ஓடினேன். பாய் டப்பாவைக் கழற்றி வைத்திருந்தார். தேன்கூடு பூராவும் சாம்பல் நிறத்தில் பூஞ்சை போல அப்பியிருந்தது. டேங்கில் விரலை விட்டு முகர்ந்தார்.

"இது எங்க புட்ச்ச டீசலு?"

"பங்குல. என் கையால வாங்கினேன்."

"இது பங்க் டீசல் இல்ல தங்கச்சி. கப்பல் டீசலு. ஹார்பர்லேர்ந்து திருட்டுத்தனமா வெளிய வர்ற சரக்கு. கந்தகம் கொட்டிக் கீது. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

நான் பாயோடு சண்டை போட்டேன். அவர் மூக்கில் கோளாறு என்றேன். பங்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். லோடு ஆட்களில் எவனோ என் மேலுள்ள பொறாமையில் கலந்துவிட்டான் என்றேன். அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இவனா, இவனா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். அதே வேகத்தில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, கட்டில் ஓரம் நின்று கத்தினேன்.

"எவனோ டேங்க்ல கப்பல் டீசல ஊத்திக்கீறான்யா. உன்ன சாவடிக்கப் பாத்துக்கீறான். நான் போலீசுக்குப் போறேன்."

அவர் முகமூடியை மெல்ல இறக்கினார்.

"நான்தான்மே" என்றார். மூச்சு. "நெட்டுக்குப்பத்துல கேன் வாங்கினேன்." மூச்சு. "உன்னிய சிரிச்சானுங்க." மூச்சு. "எனக்குத் தாங்கல."

அவர் பிறந்து வளர்ந்தது நெட்டுக்குப்பம் என்ற மீனவர் குப்பத்தில். அங்கே அவர் சொந்தக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. படகுக்குப் புது இஞ்சின் வாங்கினால், முதலில் கப்பல் டீசல்தான் ஊற்றுவார்கள். அவ்வளவு பெரிய கப்பலை இழுக்கிற டீசல் என்றால் அதற்கு எவ்வளவு தெம்பு இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியச் சாப்பாடு மாதிரி, வண்டிக்குத் தெம்பு ஏற்றியிருக்கிறார். நான் எடுத்த வண்டி சரிவில் திணறக் கூடாது, என்னைப் பார்த்து இன்னொரு தடவை யாரும் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். நான் பங்கிலிருந்து கொண்டுவந்ததோடு தினமும் காலையில் ஒரு கேன் சேர்த்து ஊற்றியிருக்கிறார். நான் ஸ்டோர்ஸில் பேரேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

எனக்குக் கோபம் வரவில்லை. முகமூடியை அவர் மூக்கில் திருப்பி வைத்து, ரப்பரைக் காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இந்த மனுஷன் என் மேல் வைத்த ஆசையாலேயே செத்துப் போவான் போலிருக்கிறதே என்று மட்டும்தான் தோன்றியது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"உங்க மேல தப்பில்லம்மா. மாதவரத்துக்காரன் ஏமாத்திட்டான். வண்டியைத் திருப்பிக் குடுத்துடலாம். அதுவரைக்கும் பழசையே ஓட்டட்டும்."

தலையை ஆட்டியிருந்தால் போதும். என் பெயர் கெடாது. அவருக்கு அவர் டிரைவர் சீட்டு இருக்கும். பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து அந்தக் கருப்புப் பிசாசு மட்டும் எழுந்து வரும், அதன் மேல் அவர் ஏறி உட்காருவார், டாக்டர் சொன்ன ஒரு வருஷம் ஓடத் தொடங்கும்.

"மாதவரத்துக்காரர் மேல தப்பில்லைங்க சார்" என்றேன். "கப்பல் டீசல் ஊத்தினது என் வீட்டுக்காரர்தான்."

பேப்பரில் கறை விழுந்ததா என்று முதலாளி கேட்டார். இல்லை என்றேன். "வேற யாரா இருந்தாலும் இந்நேரம் வெளிய அனுப்பியிருப்பேன்" என்றார்.

"வெளிய அனுப்ப வேணாம் சார். கேட்டுக்கு அனுப்புங்க. லாரி எடை மேடையில உக்காரட்டும். இனிமே அவரை டிராக்டர்ல ஏத்தாதீங்க. டப்பா மாத்தற வேலைய நான் பாத்துக்கறேன், வண்டிக்கு வேற ஆள் போடுங்க."

சொல்லி முடித்தபோது, பதினெட்டு வருஷத்தை நானே அவர் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டேன் என்று புரிந்தது. நான் அழுதும், சமைக்காமல் கிடந்தும் இறங்காத ஆளை, அவர் என்னிடம் மட்டும் நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை வைத்து இறக்கினேன். துரோகம் என்றால் துரோகம்தான். பயந்தவள் எதையும் செய்வாள்.

அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், மருந்து கொடுத்தால் குடித்தார். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார். பாய் புது டப்பா பொருத்தினார். கூரையில் இரண்டு தகடுகளைத் தூக்கிவிட்டுக் காற்றுப் போக வழி செய்தோம். டேங்குக்குப் பூட்டுப் போட்டு, சாவியை என் தாலிச் சரட்டிலேயே மாட்டிக்கொண்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பேசினால்தானே எண்ண முடியும்! பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் எழுந்து போய்விடுவார். அவர் மூச்சைக்கூட என்னிடமிருந்து மறைத்துக்கொண்டார் என்று நான் குளியலறையில் போய் அழுதேன்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒரு நாள் மத்தியானம் கேட்டுக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு போனேன். எடை மேடைப் பக்கம் கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. உள்ளே டிராக்டர் ரிவர்ஸில் வரும் சத்தம், பிறகு டமாரென்று ஒரு மோதல். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"பதினெட்டு வருசமா ஸ்டீரிங் புட்ச்ச கை இது, இத்தப் போய் கேட்டாண்ட குந்த வெச்சு வர்ற போற லாரிக்கு சீட்டு கிழிக்க வுட்டுட்டியே, அந்தப் புது டிரைவரு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம ட்ராலிய செவுத்துல இடிச்சிகினு கீறான், அத்த நான் இங்க குந்திகினு பாத்துகினு இருக்கணுமா, உனுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லியா?"

நான் கேரியரை அப்படியே தரையில் வைத்துவிட்டேன். கண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

"இப்ப இன்னாத்துக்கு அழுவுற? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"முப்பத்தெட்டு" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது. அடுத்த திட்டுக்காக மார்பு நிறைய மூச்சை இழுத்தார். அது ஒரு சின்ன விசில் சத்தம்கூட இல்லாமல் உள்ளே போனது.